முதலில் செத்தது எது?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் நெல்லுக்குப் பாயும் வாய்க்கால்தான் மீன்குட்டைக்கும் தண்ணீர். குட்டையில் மீன் மிதந்தால் என்ன மருந்து போடலாம் என்று ஓடுவதற்கு முன், எது முதலில் செத்தது, எந்த நேரத்தில் என்று பாருங்கள்.

விடியற்காலையில் பெரிய மீன்கள் வாய் பிளந்து மேலே வந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. மழைத்தண்ணீர் உள்ளே வந்த சில மணி நேரத்தில், பட்டப்பகலில், குஞ்சுகள் முதலில் செத்து, கூடவே தலைப்பிரட்டையும் நீர்ப்பூச்சியும் மிதந்தால் பூச்சிமருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் மீன் நிலை தெரியாமல் சுழலும், வெட்டி வெட்டி இழுக்கும், கரையில் மோதும்.

மருந்தடித்த பம்ப்பைக் குட்டையில் கழுவுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 10 சதவீத சைபர்மெத்ரின் பூச்சிமருந்து ஒரு மில்லியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. அது 20,000 லிட்டரில் கலந்தாலும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் நிற்கும். குஞ்சுகளைக் கொல்ல அது போதும். மாட்டையும் மனிதனையும் அவ்வளவாகப் பாதிக்காத மருந்து என்பதால் அலட்சியம் வருகிறது. மீனின் உடம்பால் அதைச் சீக்கிரம் சிதைத்து வெளியேற்ற முடியாது. பக்கத்து வயலில் புகையான் பூச்சிக்கு மருந்தடிக்கிறார்கள் என்றால் அன்றே மடையை அடைத்துவிடுங்கள். அடுத்த மழைத்தண்ணீரை உள்ளே விடாதீர்கள்.

தீவனத்தில் வரும் விஷம் இப்படி ஒரே நாளில் காட்டிக்கொடுக்காது. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் பச்சை மஞ்சளாகப் பூஞ்சை படிந்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை விஷம் இருக்கலாம். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அது போகாது. மீன் தின்னும், எடை ஏறாது. அறுத்தால் ஈரல் வெளிறியிருக்கும். மூட்டையை மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூத்ததை நல்லதோடு கலந்து ஒப்பேற்றாதீர்கள்.

இலுப்பைப் புண்ணாக்கு நாமே தெரிந்து போடும் விஷம். குஞ்சு விடுமுன், அதைத் தின்னும் விரால், கெளுத்தியை ஒழிக்கப் போடுவது. அதிலுள்ள சபோனின் என்ற விஷப்பொருள் மீனின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கன மீட்டருக்கு 250 கிராம் கணக்கு. 20 சென்ட், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 200 கிலோ. ஆழத்தைக் கண்மதிப்பில் சொல்வதால்தான் அளவு தப்புகிறது. கழியில் குறி போட்டு நான்கைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். இரவு ஊறவைத்துக் காலையில் குட்டை முழுக்க வீசுங்கள். மூன்று வாரம் கழித்து, ஹாப்பா வலையில் (குட்டைக்குள் கட்டும் சின்ன வலைக்கூண்டு) 20 குஞ்சு விட்டு ஒரு நாள் பாருங்கள். ஒன்றிரண்டு செத்தாலும் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, மறுபடி விட்டுப் பாருங்கள்.