அப்பாவின் கைப்பேசித் தொடர்புகளைத் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் மாற்றிய அனுபவம்

அப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சார்ஜ் ஏறுவது நின்று நின்று போனதால், அது முற்றிலும் அணைந்துவிடுவதற்குள் அதிலிருந்த எண்களைப் புதிய கைப்பேசிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவர், ஒவ்வோர் எண்ணையும் தமிழிலேயே, தமக்கு நினைவு வரும் முறையில் பதிந்து வைத்திருக்கிறார். ‘மோட்டார் மெக்கானிக் ஒரத்தநாடு’, ‘அறுவடை மிஷின் மன்னார்குடி’, ‘லைன்மேன் புதுசு’, ‘பெரியக்கா சம்பந்தி வீடு’ என்றுதான் அந்தப் பட்டியல் நீளும். எண்கள் வந்து சேர்ந்து பெயர்கள் சிதைந்துவிட்டால், அவரைப் பொறுத்தவரை அந்த எண்கள் இருந்தும் பயனில்லை. ஆகவே, அவர் எழுதிய பெயர் எழுத்து மாறாமல் புதிய கருவியில் தெரிய வேண்டும் என்பதையே இந்த வேலைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

முதலில் அந்த எண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். கைப்பேசியின் தொடர்புகள் செயலி எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டினாலும், அவை சிம் அட்டையிலோ, கைப்பேசியின் உள் நினைவகத்திலோ, கூகுள் கணக்கிலோ தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். அப்பாவிடம் மூன்றும் கலந்திருந்தன. பட்டன் போன் காலத்துப் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சிம்மில் இருந்தன. பின்னர் தமிழில் எழுதியவற்றில் பெரும்பகுதி கைப்பேசியின் நினைவகத்தில் மட்டும் இருந்தது. கணக்கில் இருந்தவை சொற்பமே. புதிய கருவியில் அதே மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு நுழைந்தால் எல்லா எண்களும் தாமாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கில் சேமிக்கப்பட்டவை மட்டுமே அப்படி வரும். இதைப் பார்க்காமல் பழைய கருவியை அழித்துக் கொடுத்துவிட்டால், போனவற்றை மீட்க வழியே இராது.

கைப்பேசி வாங்கிய கடையில், எல்லா எண்களையும் சிம்முக்கு நகலெடுத்து, அந்தச் சிம்மைப் புதிய கருவியில் போட்டால் போதும் என்றார்கள். ஆங்கிலத்தில் பெயர் எழுதியவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும், தமிழுக்குப் பொருந்தாது. சிம் அட்டையில் ஒரு பெயருக்கு எத்தனை பைட் (சேமிப்பிடத்தின் அளவலகு) இடம் என்பதை அட்டையை வழங்கும் நிறுவனமே நிர்ணயிக்கிறது. 14 பைட் ஒதுக்கிய அட்டையில் ஆங்கில எழுத்துகள் பதினான்கு அடங்கும். தமிழை ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதும் வழக்கமான முறையில், இது ஒருங்குறி என்று காட்டும் அடையாளத்துக்கே ஒரு பைட் போய்விடும். மீதியில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் வேண்டும் என்பதால் ஆறு குறிகள்தாம் அடங்கும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே கணக்கிடப்படுவதால், ‘சித்தப்பா’ என்னும் ஐந்தெழுத்துச் சொல்லுக்கே ஒன்பது குறிகள் தேவைப்படுகின்றன. அத்தகைய அட்டையில் அவர் வெறும் ‘சித்தப’ ஆகிவிடுவார். ‘மோட்டார் மெக்கானிக் ஒரத்தநாடு’ என்ற பெயரில் ‘மோட்டார்’ என்பதுகூட முழுமையாக நிற்காது. இது போதாதென்று, பல சிம் அட்டைகளில் ஒரு பெயருக்கு ஓர் எண்ணுக்கு மேல் வைக்க இடமில்லை. மின்னஞ்சல், முகவரி, குறிப்பு ஆகியவற்றையும் நம்ப முடியாது. எனவே அந்த யோசனையை ஏற்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது, தொடர்புகளைச் சேமிப்பதற்கான விசிஎஃப் (.vcf) கோப்பு. விகார்டு என்னும் இந்த வடிவம் 1990களின் நடுவில் உருவானது, அதன் 2.1 பதிப்பு 1996-ஐயும், 3.0 பதிப்பு 1998-ஐயும், 4.0 பதிப்பு 2011-ஐயும் சேர்ந்தவை. எந்த நிறுவனத்தின் கைப்பேசியும் புரிந்துகொள்ளக்கூடிய பொது வடிவம் என்பது இதன் பெரிய பலம். அதைவிட எனக்கு நிம்மதி தந்தது, இது சாதாரண உரைக் கோப்பு என்பதுதான். கணினியில் நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு தொடக்க வரியும் ஒரு முடிவு வரியும் இருக்கும்; இடையில் பெயரும் எண்ணும் இருக்கும். தொடக்க வரி எத்தனை முறை வருகிறது என்று தேடிப் பார்த்தாலே, கோப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கைப்பேசி காட்டும் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அடுத்த படிக்குப் போனேன்.

ஏற்றுமதி செய்வதில் சிரமம் ஏதுமில்லை. தொடர்புகள் செயலியின் நிர்வகிக்கும் பகுதியில் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது; எந்தச் சேமிப்பிடத்திலிருந்து என்று கேட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக எடுப்பது நல்லது. சிம்மில் இருந்தவற்றை ஒரு கோப்பாகவும், நினைவகத்தில் இருந்தவற்றை மற்றொரு கோப்பாகவும் எடுத்து, யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றினேன்.

கோப்பைத் திறந்து பார்க்கும் தமிழர் பலர் திடுக்கிடும் இடம் ஒன்று உண்டு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தமிழே இராது; சமன்குறிகளும், அவற்றையடுத்து ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஈரிலக்கக் குறியீடுகளும் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 2.1 பதிப்பிலேயே கோப்பை எழுதுகிறது. அந்தப் பதிப்பில் ஆங்கிலமல்லாத எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் இவ்வாறு குறியீடாக மாற்றப்படுகிறது. ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் ஆகும். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். எனவே ‘மாமா’ என்ற சொல் கோப்பில் 36 எழுத்து நீளத்துக்கு ஓடுகிறது. நீண்ட பெயராக இருந்தால் வரியின் இறுதியில் ஒரு சமன்குறியோடு முறிந்து, அடுத்த வரியில் தொடரும். அந்த முறிவைப் பிழையென்று கருதி யாராவது வரிகளை அழித்தாலோ, கோப்பை இணைப்பாக அனுப்பாமல் உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்துச் செய்தியாக ஒட்டினாலோ பெயர் பாதியில் அறுந்துவிடும். மூலக் கோப்பில் கைவைக்காமல், ஒரு நகலைத் தனியாக வைத்துவிட்டேன்.

திருத்தங்களைக் கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் செய்வது வசதியாக இருந்தது. அங்கே விசிஎஃப் கோப்பை இறக்குமதி செய்தவுடன் தமிழ்ப் பெயர்கள் அனைத்தும் ஒரு புள்ளிகூடக் குறையாமல் தெரிந்தன. அதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. இறக்குமதி செய்தவை எல்லாம் அன்றைய தேதியிட்ட ஒரு லேபிளின் கீழ் தனியாக நிற்பதால், ஏதேனும் தவறாக வந்தால் அந்தத் தொகுதியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். மேலும், 30 நாள்களுக்குள் ஏதேனும் ஒரு நிலைக்குத் தொடர்புகளைத் திருப்பும் வசதியும் உண்டு.

காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பாக எடுத்து விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்டில்) திருத்துவது இன்னும் விரைவாக முடியும் என்று ஒருவர் சொன்னதால், ஒரு நகலைக் கொண்டு அதையும் சோதித்தேன். விரிதாள் மென்பொருள் அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று அறியாமல் திறந்தது. தமிழ் முழுவதும் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவும் பதிவு முத்திரைக் குறிகளாகவும் மாறிவிட்டது. எண்களின் நிலை அதைவிட மோசம். தொலைபேசி எண்ணை அது கணக்குக்குரிய எண்ணாகக் கருதியதால், தஞ்சாவூர் லேண்ட்லைன் எண்களின் 04362-இல் இருந்த முதல் பூஜ்யம் காணாமல் போனது. 91-இல் தொடங்கும் பன்னிரண்டு இலக்க எண்கள் 9.19E+11 என்பது போன்ற அறிவியல் குறியீடாகச் சுருங்கின. அந்த நிலையில் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனவை போனவைதாம். விரிதாள்தான் வேண்டும் என்பவர்கள், திறக்கும்போதே எழுத்துக் குறியாக்க முறையை யூடிஎஃப்-8 என்றும், எண்கள் உள்ள பத்தியை உரை என்றும் குறிப்பிட வேண்டும். லிப்ரெஆபிஸ் கால்க் என்னும் விரிதாள் மென்பொருள் திறக்கும்போதே இவ்விரண்டையும் கேட்கிறது.

எண்களைச் சீர்ப்படுத்தியதுதான் அதிக நேரம் பிடித்த வேலை. வேறு மாநிலத்துக் கைப்பேசியை அழைக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டியிருந்த காலத்தில் பதிந்த எண்கள் பூஜ்யத்தோடு இருந்தன. அதே ஆளின் எண் வேறோர் இடத்தில் பத்து இலக்கமாகவும், இன்னோர் இடத்தில் +91 சேர்த்தும் இருந்தது. இவை எல்லாவற்றையும் +91 வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனின் எண்ணை நாட்டுக் குறியீடு இல்லாமல் எட்டு இலக்கமாக மட்டும் அப்பா வைத்திருந்தார். முன்னால் +65 சேர்த்த பிறகே வாட்ஸ்அப்பில் அண்ணனின் பெயர் தெரியத் தொடங்கியது.

ஒரே எண் இரு பெயர்களில் இருந்தால் இணைத்துவிடலாமா என்று கூகுள் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் இணைக்கும் பொத்தான் கையருகே இருந்தாலும் அதை அழுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் உறவினர் வீடுகளில் ஒரு லேண்ட்லைன் எண்ணைச் சித்தப்பா பெயரிலும் சித்தி பெயரிலும் அப்பா பதிந்திருக்கிறார். அவர்களுடைய கைப்பேசி எண்கள் வேறு வேறு. இணைத்திருந்தால் இருவரும் ஒருவராகி, சித்தியைத் தேடினால் கிடைக்காமல் போயிருப்பார். சிம்மில் ஆங்கிலத்திலும் நினைவகத்தில் தமிழிலும் இருந்த ஒரே ஆளை மட்டும், அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு இணைத்து, தமிழ்ப் பெயரை நிலைநிறுத்தினேன். காலமானவர்களின் எண்களை என்ன செய்வது என்று கேட்டபோது, அவை இருக்கட்டும் என்றார். அவற்றைத் தொடவில்லை.

புதிய கைப்பேசியில் கணக்கைச் சேர்த்ததும் பட்டியல் வந்துவிட்டது. ஆனால் சில பெயர்கள் வரிசை மாறி, ‘ஒரத்தநாடு, மோட்டார் மெக்கானிக்’ என்று தெரிந்தன. இடைவெளிவிட்டு எழுதிய சொற்களை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று மென்பொருள் பிரித்துக்கொள்வதால் நேர்வது இது. தொடர்புகள் செயலியின் அமைப்பில் முதல் பெயரை முன்னால் காட்டும்படி மாற்றியவுடன் சரியாயிற்று. பிறகு அப்பா தாமாகவே தேடி, அடிக்கடி பேசும் சிலரை அழைத்துப் பார்த்தார்.

தங்கையின் கைப்பேசி ஐபோன். அவளுக்கும் குடும்பத்தார் எண்கள் வேண்டும் என்பதால், அவர்களை மட்டும் தெரிவுசெய்து, கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் ஐபோனுக்கென உள்ள விகார்டு வடிவத்தில் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அது 3.0 பதிப்பு என்பதால் உள்ளே தமிழ் தமிழாகவே படிக்கக் கிடைக்கிறது. தொடர்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லும் வேறு செயலிகள் எதையும் நான் நிறுவவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை ஊரார் பலரின் எண்கள். அவற்றை அறிமுகமில்லாத ஒரு செயலிக்குத் திறந்துவிட எனக்கு உரிமையில்லை என்றே கருதுகிறேன். இதே காரணத்தால், கடையில் இந்த வேலையைச் செய்துகொள்பவர்கள் அங்குள்ள கணினியில் தங்கிவிடும் கோப்பை நீக்கச் சொல்லிவிட்டு வருவது அவசியம்.

கடைசியாக, புதிதாகப் பதியும் எண்கள் கூகுள் கணக்கிலேயே சேமிக்கப்படும்படி இயல்பான சேமிப்பிடத்தை மாற்றினேன். மூல விசிஎஃப் கோப்புகள் இரண்டும் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கின்றன. பழைய கைப்பேசியை இன்னும் அழிக்கவில்லை. ஓர் அறுவடைக் காலம் முடிந்து, அப்பா தேடிய எண் எதுவும் கிடைக்காமல் போகவில்லை என்பது உறுதியான பிறகே அதை அழிக்கப்போகிறேன்.