பிடி அரிசியில் நடக்கும் சபை

வேலூரில் எங்கள் வீட்டு மாடியை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவோம். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். குணமானதும் ஊருக்குப் போய்விடுவார்கள். போன பிறகும் விடாமல் போன் செய்துகொண்டிருந்தவர் மிசோரத்துப் பெரியவர் ஒருவர். அவருடைய ஊர்க் கிறிஸ்தவச் சபையில் அவர் மூப்பர். மிசோ மொழியில் 'உபா' என்பார்கள். நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். "ஒருமுறை வாங்க அண்ணா" என்பார் ஒவ்வொரு போனிலும். அவருக்கு எழுபது வயது, எனக்கு ஐம்பத்தைந்து. ஆட்டோக்காரர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் ஆண்பிள்ளைகள் எல்லோரும் அவருக்கு அண்ணாதான்.

போவது என்று முடிவானபோது, பண்டிகை நேரம் வேண்டாம் என்றாள் என் மனைவி. கிறிஸ்துமஸ் சமயத்தில் எந்தச் சபையும் நன்றாகத்தான் இருக்கும், ஒரு சபையைத் தெரிந்துகொள்ள வெறும் சனி ஞாயிறுதான் சரி என்பது அவள் கணக்கு. அதனால் மார்ச் நடுவில், விசேஷம் ஒன்றும் இல்லாத வாரமாகப் பார்த்துக் கிளம்பினோம். காடு வெட்டி முடிந்ததும் அவர்கள் கொண்டாடும் சாப்சார் கூட் திருவிழாகூட அந்த மாத ஆரம்பத்திலேயே முடிந்திருந்தது.

கொல்கத்தாவிலிருந்து விமானத்தில் மிசோரத்தின் லெங்புய். வெளி மாநிலத்தவர் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கிருந்து தலைநகர் ஐசால், ஐசாலிலிருந்து மறுநாள் விடியற்காலை ஷேர் சுமோ. மலையின் முதுகிலேயே ஓடும் சாலை, இரண்டு பக்கமும் பள்ளம். நம் ஊரில் வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கை அங்கே காட்டு மரமாக, இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது. மந்தாரையும் நிறைய. நடுநடுவே மலைச்சரிவுகள் கரிக்கட்டையாகக் கிடந்தன. ஜனவரி, பிப்ரவரியில் காட்டை வெட்டிக் காயவிட்டு மார்ச்சில் எரிப்பார்கள். முதல் மழை விழுந்ததும் அந்தச் சாம்பலில்தான் நெல் விதைப்பு. காற்று முழுக்கப் புகை வாசம்.

செலிங் பக்கத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். சாலையோரம் மூங்கில் தட்டிக் கடை. கீரைக்கட்டு, பப்பாளி, பாட்டிலில் பழச்சாறு. அட்டையில் கரியால் எழுதிய விலை. ஆள் கிடையாது. பக்கத்தில் ஒரு டப்பா, அதில் பணத்தைப் போட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை வேண்டுமென்றால் அதே டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் கொல்லை வேலைக்குப் போயிருப்பாராம். இந்தச் சாலையில் இப்படிப் பல கடைகள். என் மனைவி பப்பாளிக்கு ஐம்பது ரூபாய் போட்டுவிட்டு, பாக்கி எடுக்கக் கூச்சப்பட்டு அப்படியே வந்துவிட்டாள். டிரைவர் போய் மீதியை எண்ணி எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

ஊர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று உபா கேட்டுக்கொண்டார். சாலையை ஒட்டிய சின்னக் கிராமம், தகரக்கூரை வீடுகள், நடுவில் சபையின் கோயில். "இது எங்க பழைய ஊர் இல்ல" என்றார் முதல் நாளே. 1966-இல் தனிநாடு கேட்ட மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. அந்த மார்ச் முதல் வாரத்தில் ஐசால் மேல் இந்திய விமானப்படையே குண்டு போட்டது. அடுத்த வருஷத்திலிருந்து உள்மலைக் கிராமங்களைக் காலிசெய்து, ஜனங்களைச் சாலையோர முகாம்களில் குடியேற்றினார்கள். உபா அப்போது பையன். அப்பா முதுகில் நெல், அம்மா முதுகில் தங்கை, இவர் கையில் இரண்டு கோழி. வந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து முதலில் கட்டியது ஒரு மூங்கில் கோயிலைத்தான் என்றார். அமைதி ஒப்பந்தம் வர 1986 ஜூன் ஆயிற்று. இதையெல்லாம் குரலை உயர்த்தாமல், அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார். பேத்தி எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த அடுப்பங்கரையில்தான், வந்த வேலை பாதி முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. உபாவின் மனைவி சமையலுக்கு அரிசி அளந்தார். கழுவுவதற்கு முன் ஒரு கை அள்ளி, சுவரோரம் இருந்த தகர டப்பாவில் போட்டார். எங்களோடு பேச்சை நிறுத்தவில்லை, டப்பாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கை தானாகப் போய்வந்தது. சாயங்காலச் சமையலுக்கும் அதே ஒரு கை. இதுதான் 'பூஃபாய் தாம்', பிடி அரிசிக் காணிக்கை. 1910-இல் தொடங்கியது. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பார்கள். சேர்ந்த அரிசியைச் சபையாரே விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். பணம் சபைக்குப் போகும். இன்றைக்கு மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இதிலிருந்து வருஷத்துக்குப் பல கோடி ரூபாய் வருகிறது. வெளி மாநிலங்களில் அவர்கள் வைத்திருக்கும் ஊழியர்களுக்கான செலவில் ஒரு பங்கு இந்த டப்பாக்களிலிருந்துதான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் பிடி அரிசிக் கலயம் உண்டு. என் பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறேன். காஞ்சிப் பெரியவர் சொல்லி எத்தனையோ வீடுகளில் பிடி அரிசி எடுத்துவைத்ததும் தெரியும். ஆனால் எங்கள் சபையில் அது எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. இப்போது காணிக்கைக் கவர் கொடுக்கிறோம்.

சனிக்கிழமை விடியற்காலை ஒலிபெருக்கி எங்களை எழுப்பியது. ஊர் நடுவில் கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய். ஊர்ச் செய்தி, சபைச் செய்தி எல்லாம் அதில்தான். முன்பு தண்டோராக்காரர் செய்த வேலை. ஒரு பாட்டி இரவில் இறந்துவிட்டார் என்றது அறிவிப்பு. உபா வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இளைஞர்கள் எல்லோரும் யங் மிசோ அசோசியேஷன் உறுப்பினர்கள். 1935-இல் ஆரம்பித்த சங்கம். குழி வெட்டுவது அவர்கள் பொறுப்பு. கூலி கிடையாது. உபாவின் மனைவி தேயிலையும் சர்க்கரையும் பொட்டலம் கட்டினார். அன்று பிற்பகலே அடக்கம்.

குருவானவர் வந்திருந்தாரா என்றால், இல்லை. நம்முடைய சேகரம் மாதிரி பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது அவர்களுடைய 'பியால்'. அத்தனைக்கும் ஒரே குருவானவர். அந்த வாரம் அவர் வேறு ஊரில் இருந்தார். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. உபாவும் இன்னொரு மூப்பரும் அடக்க ஆராதனையை நடத்தினார்கள். பிஷப் கிடையாது, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களே நடத்துவார்கள் என்பதுதான் பிரஸ்பிட்டேரியன் முறை. புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது எப்படி நடக்கும் என்று கல்லறைத் தோட்டத்தில்தான் பார்த்தேன். எங்கள் பக்கம் சபைத் தேர்தல் என்றால் வேறு விதம். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

இரவு கோயில் ஆராதனை முடிந்ததும் துக்க வீட்டில் பாட்டு. உள்ளே, திண்ணையில், வாசலில் என்று ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் 'குவாங்', இரண்டு பக்கமும் தோல் கட்டிய மரமத்தளம். ஒருவர் அடுத்த அடியை முந்திச் சொல்கிறார், மற்றவர்கள் அதை இழுத்துப் பாடுகிறார்கள். மெதுவான, கனமான ராகம். 'லெங்க்கோம்' பாட்டுகள் என்கிறார்கள். வெல்ஷ் மிஷனரிகள் கொடுத்த ஞானப்பாட்டுகள் ஒரு பக்கம் இருக்க, இது அவர்களே கட்டிக்கொண்டது. ஆரம்ப மிஷனரிகளுக்கு மத்தளம் என்றால் ஆகாது. அரிசிக் கள்ளோடும் பழைய சடங்குகளோடும் சேர்ந்தது என்று விலக்கிவைத்தார்கள். 1919-இல் சபைகளில் பக்தி அலையாகப் பரவிய எழுப்புதல் காலத்தில்தான் அது மெல்லக் கோயிலுக்குள் வந்தது. இப்போது பிரசங்க மேடைக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவக் கீர்த்தனை கட்டியிருக்காவிட்டால் நாமும் இங்கிலீஷ் மெட்டிலேயே அழுதுகொண்டிருப்போம் என்று மனைவி காதில் சொன்னேன். சும்மா இருங்கள் என்றாள்.

இறந்த பாட்டியின் மகள் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் பாடவில்லை. ஏதோ ஒரு பாட்டின் நடுவில் வாயசைக்க ஆரம்பித்தாள். பிறகு குரல் வந்தது. டீ வந்துகொண்டே இருந்தது, பால் இல்லாத டீ. நடுராத்திரிக்கு மேல் நாங்கள் எழுந்து வந்தோம். இளைஞர்கள் சிலர் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். தொடர்ந்து சில இரவுகள் இப்படித்தானாம். துக்க வீட்டைத் தனியாக விடுவதில்லை.

ஞாயிறு. காலை ஒன்பதுக்குள் சோறு சாப்பிட்டாயிற்று (அங்கே அதுதான் பெரிய சாப்பாடு, இரவுச் சாப்பாடு இருட்டுவதற்குள் முடிந்துவிடும்). கடை இல்லை, வண்டி இல்லை. முதல் மணி அடித்ததும் தெருவெல்லாம் ஜனம். ஆண்கள் கோட்டு, டை. பெண்கள் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட 'புவான்' உடுத்தி, வெள்ளைச் சட்டை. ஞாயிறு பள்ளி என்றால் நமக்குச் சிறுவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அங்கே எழுபது வயது உபாவும் புத்தகத்தோடு வகுப்பில் உட்காருகிறார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அது நமக்குப் புதிதில்லை. பாடகர் குழு கையில் வைத்திருந்த தாளில் இசைக்குறிகளுக்குப் பதிலாக வெறும் எழுத்துகள். டானிக் சொல்ஃபா. என் அப்பா காலத்துப் பாடகர் குழுவோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அங்கே பதினைந்து வயதுப் பெண் அதைப் பார்த்ததும் பாடுகிறாள்.

பிற்பகல் ஆராதனையில் அறிவிப்புகள் நீளமாகவே இருந்தன. பேத்தி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். துக்க வீட்டார் நன்றி சொல்கிறார்கள். ஐசால் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒருவருக்காக ஜெபிக்கவும். ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, பெண். வாலிபர் சங்கம் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யும், மண்வெட்டி கொண்டுவரவும். கொல்லை எரிக்கிறவர்கள் தீத்தடுப்புப் பாதை வெட்டாமல் நெருப்பு வைக்க வேண்டாம். இந்த மாதப் பிடி அரிசிக் கணக்கு. கடைசியாக, வேலூரிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள் என்றார்கள், நின்றோம். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. வேலூர் என்ற பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். வைத்தியத்துக்கு வேலூர் போய்வந்த ஒருவராவது பெரும்பாலான குடும்பங்களில் உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஓர் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "சில்லறை இல்லை." சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டோம்.

எல்லாம் இனிப்பு என்று எழுத மாட்டேன். வாரத்தில் பெரும்பாலான இரவுகள் ஏதாவது ஒரு கூட்டம். வராதவர் யார் என்று ஊருக்கே தெரியும். கோயிலுக்கு வராத இளைஞனுக்கு அந்த ஊரில் மூச்சு விடுவது கஷ்டம் என்றுதான் எனக்குப் பட்டது. பேத்தியிடம் கேட்டேன். "ஐசாலுக்குப் படிக்கப் போனபோது முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது, யாரும் என்னைத் தேடவில்லை" என்றாள். "அப்புறம்?" என்றேன். "அங்கேயும் வாலிபர் சங்கத்தார் வந்துவிட்டார்கள்." 2011 கணக்கெடுப்பில் மிசோரத்தில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். அங்கே முதல் ஞானஸ்நானம் 1899-இல்தான் நடந்தது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இவ்வளவு வேகமாக ஒரு ஜனமே மாறினால் ஊருக்கும் சபைக்கும் நடுவே கோடு இல்லாமல் போகும். நல்லதும் அதனால்தான், நெருக்கடியும் அதனால்தான்.

ஆனால் ஒன்று. நான் பார்த்த அந்தச் சனி ஞாயிறில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. மற்ற எல்லோர் கையிலும் கடப்பாரை, டீக்கெட்டில், பாட்டுப் புத்தகம், அரிசிக்கூடை என்று ஏதோ ஒன்று இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: அனுமதிச் சீட்டை இணையத்திலேயே வாங்கலாம், லெங்புய் விமான நிலையத்திலும் தருகிறார்கள். ஊர் போய்ச் சேருவதைச் சனிக்கிழமைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறன்று சுமோ கிடைக்காது. மிசோரத்தில் வடபகுதி பெரும்பாலும் பிரஸ்பிட்டேரியன், தென்பகுதி பாப்டிஸ்ட். மார்ச்சில் இரவு குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வேகவைத்த கீரையும் பருப்பும் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சொல்லாவிட்டால் புகையில் காயவைத்த பன்றிக்கறி அதில் கலந்திருக்கும். ஐம்பது ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் சில்லறை மாற்றிக்கொண்டு போங்கள்.