லிதுவேனியருக்கு 'கெட்' சொல்லித்தர அட்டை போட்ட கதை

லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆங்கிலம் பேச வரவேண்டும், எனக்கு லிதுவேனியன் வரவேண்டும். அப்படி ஆரம்பித்ததுதான் சொற்களை அட்டையில் எழுதிப் பழகும் இந்த வேலை. இப்போதைக்கு ஒரே ஒரு ஆங்கில வினை: 'கெட்'.

அகராதியில் இதற்கு நம்பர் போட்டு அர்த்தம் அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த வரிசை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். 'கெட்'டுக்குப் பின்னால் என்ன சொல் வருகிறது என்று மட்டும் பார்த்து நாலு நிறத்தில் நாலு கட்டு போட்டேன்.

பெயர்ச்சொல் கட்டு சுலபம். கடிதம், சம்பளம், விசா, பரீட்சை மார்க், அபராதம் எல்லாவற்றுக்கும் லிதுவேனியனில் 'கௌதி' போதும், அதை அப்படியே 'கெட்' ஆக்கிவிடலாம். காசு கொடுத்து வாங்கினால் மட்டும் அங்கே 'நுசிபிர்க்தி', போய் எடுத்துவந்தால் 'அத்னெஷ்தி'. ஆங்கிலம் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

நேரம் பிடித்தது பெயரடைக் கட்டுதான். நனைவது, களைப்பது, கோபிப்பது, ஆறிப்போவது இவற்றுக்கெல்லாம் லிதுவேனியனில் ஒவ்வொரு வினை: சுஷ்லாப்தி, பவர்க்தி, சுபீக்தி, அத்ஷால்தி. தமிழிலும் அதே நிலைமைதானே? அதனால் அவருக்கு எங்கே இடிக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஒற்றை வினையை உடைத்து 'கெட் வெட்', 'கெட் டயர்ட்' என்று இரண்டாக்கச் சொன்னால், கை நேராக 'பிகம்' பக்கம் போகிறது. காரணம், ஆவது என்றதும் நினைவுக்கு வருவது 'தாப்தி'. ஆசிரியர் ஆனார், ஜனாதிபதி ஆனார் என்பதற்கு அது சரி. மழையில் நனைந்துவிட்டு 'ஐ பிகேம் வெட்' என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு ஒரு குறுக்குவழி வைத்தோம். நிலை மாறியதைச் சொல்லும் வினைக்கு முன்னால் சு, ப, அத் மாதிரி முன்னொட்டு இருந்தால், முதலில் 'கெட்' போட்டுப் பார்ப்பது. பசென்தி (வயதாவது), பஸ்வெய்க்தி (உடம்பு தேறுவது), பகெரேதி (முன்னேறுவது) மூன்றுக்கும் பொருந்துகிறது. எல்லா இடத்திலும் செல்லாது, ஆனால் பேச ஆரம்பிக்கிறவருக்கு இது பெரிய கைப்பிடி.

இருட்டுகிறது என்பதற்கு 'தெம்ஸ்தா' என்ற ஒரே சொல் போதும், எழுவாயே கிடையாது. ஆங்கிலத்தில் 'இட்' ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி 'இட் கெட்ஸ் டார்க்' என்று சொல்ல வேண்டும். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் இந்த அட்டைக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. எனக்கும் ஒரு லாபம்: 'மன் ஷல்தா' என்றால் எழுத்துக்கு எழுத்து 'எனக்குக் குளிர்'. ஆங்கிலம் வழியாகப் படித்திருந்தால் இந்த 'எனக்கு'வோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

வண்டியில் ஏறுவது, இறங்குவது பற்றிய மூன்றாவது கட்டுக்கு ட்ராலிபஸ்தான் (மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் பஸ்) உதாரணம். ஏற 'ஈலிப்தி', இறங்க 'இஷ்லிப்தி'. காரில் ஏறுவதற்கும் அதே ஈலிப்திதான். பஸ் என்றால் 'கெட் ஆன்', கார் என்றால் 'கெட் இன்' என்று ஏன் மாறுகிறது என்று கேட்டார். உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று சொல்லிவைத்தேன்.

கடைசிக் கட்டு 'கெட் ட்ரெஸ்ட்', 'கெட் மேரிட்' வகை. உடுத்துவது அப்சிரெங்தி, விவாகரத்து ஆவது இஷ்சிஸ்கிர்தி, வழி தவறுவது பசிக்லீஸ்தி. நடுவில் 'சி' உட்கார்ந்திருக்கிறதல்லவா, அதுதான் இந்தக் கட்டுக்கு அடையாளம். முன்னொட்டு இல்லாதபோது அது வாலில் 'ஸ்' ஆக நிற்கும்: எழுவது 'கெல்திஸ்', முன்னொட்டு வந்ததும் 'அத்சிகெல்தி'. கல்யாணம்தான் சுவாரசியம். ஆண் செய்துகொண்டால் 'வெஸ்தி', அதற்குக் கூட்டிப்போவது என்றும் பொருள். பெண் செய்துகொண்டால் 'இஷ்தெகேதி', அதன் வேரான 'தெகேதி' ஆறு ஓடுவதையும் சூரியன் உதிப்பதையும் சொல்லும். இருவருக்கும் பொதுவாக 'சுசிதுவொக்தி' உண்டு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'கெட் மேரிட்' ஒன்றே என்றதும் அந்த அம்மா ஆங்கிலத்தைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்.

வேலை பறிபோவது, பொருள் திருடுபோவது மாதிரி 'சி' வராத செயப்பாட்டு வாக்கியங்களைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். 'ஹாவ் காட்' கட்டுக்குள்ளேயே சேரவில்லை; அது வெறும் 'துரேதி', அதாவது வைத்திருப்பது. ஒருவரைச் சொல்லிச் செய்யவைக்கும் 'கெட்'டுக்கு இன்னும் ஒரு அட்டைகூட எழுதவில்லை. அப்புறம் 'டேக்' காத்திருக்கிறது.