கிரேன் ஓட்டிய அம்மா

போலந்தில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர்மார்க்கெட் திறக்காது. நம் ஊரில் ஞாயிறு காலை என்றால் கறிக்கடையில் கூட்டம் நெரியும். இங்கே கதான்ஸ்க் நகரத்தில் பூட்டிய கதவுக்கு முன்னால் காலிப் பையோடு நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் பால் இல்லை, விருந்தாளிகள் வரப்போகிறார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் புலம்பினேன். பால் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும் அல்லவா?" ஞாயிறு கடையை மூட 2018-இல் வந்த சட்டத்துக்காகப் போராடியது சாலிடாரிட்டி தொழிற்சங்கம் என்று சொல்லி, கப்பல் கட்டும் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மியூசியத்தைப் போய்ப் பார் என்றார்.

டிராமில் போகும்போது தினமும் கண்ணில் படும் கட்டடம்தான். துருப்பிடித்த கப்பல்போல இரும்புத் தகட்டில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஐரோப்பிய சாலிடாரிட்டி மையம் என்று பெயர், 2014-இல் திறந்தார்கள். வாசலுக்கு எதிரே வானத்தைத் தொடுவதுபோல மூன்று சிலுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். விலைவாசி உயர்வை எதிர்த்து 1970 டிசம்பரில் தெருவில் இறங்கிச் சுடப்பட்டுச் செத்த தொழிலாளர்களுக்கான நினைவுச்சின்னம் அது.

உள்ளே முதல் அறையின் கூரை முழுக்க மஞ்சள் ஹெல்மெட்கள். அவற்றைவிட அங்கே இருந்த கிரேன் கேபின்தான் என்னை நிறுத்தியது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இரும்புக் கூண்டு. சுற்றிலும் கண்ணாடி, கைக்கு எட்டும் இடத்தில் லீவர்கள். அந்தக் கப்பல் தளத்துத் தொழிலாளி அன்னா வாலெந்தினோவிச் செய்தது இந்த வேலைதான். 1950-இல் வெல்டராகச் சேர்ந்து, பிறகு கிரேன் ஓட்டியவர். அரசு அனுமதிக்காத சுதந்திரத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், அதன் பத்திரிகையைத் தன் கையாலேயே மற்றவர்களுக்குக் கொடுத்தார். 1980 ஆகஸ்ட் 7-ஆம் தேதி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். ஓய்வு பெற ஐந்தே மாதம் பாக்கி.

அதைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடராக, அதாவது நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவராக, இருந்தவர். நைட் ஷிப்ட் முடித்து வந்தால் தலைமுடியெல்லாம் பஞ்சாக இருக்கும். பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தபோது கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் சங்கு ஊதியது, மெஷின் ஓடியது. ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. இந்த ஊர்க் குளிரும் பேச்சும் எனக்குப் பழகிவிட்டன, இனி இதுதான் என் ஊர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேபின் முன்னால் நின்றபோது மில் கேட்டில் தூக்குப்போசியோடு நிற்கும் அம்மாதான் தெரிந்தார்.

இங்கே கேட்டார்கள். ஆகஸ்ட் 14 காலையில், அன்னாவைத் திரும்ப வேலைக்கு எடு என்று தளமே வேலையை நிறுத்தியது. முன்பே வேலை நீக்கப்பட்டிருந்த எலக்ட்ரீஷியன் லேக் வலேசா மதில் ஏறி உள்ளே வந்தார் என்பார்கள். அவர் பெயர்தான் உலகத்துக்குத் தெரியும், 1983-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் ஆகஸ்ட் 16-ஆம் தேதியை யாரும் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சம்பள உயர்வுக்கு நிர்வாகம் ஒத்துக்கொண்டதும் ஸ்டிரைக் முடிந்தது என்று வலேசா அறிவித்துவிட்டார், கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஆதரவாக வேலையை நிறுத்திய மற்ற ஆலைக்காரர்களின் கதி? கேட்டுக்கு ஓடிப்போய்த் தொழிலாளர்களைத் தடுத்தவர்கள் பெண்கள்: அன்னா, நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா, டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா கிஷிவோனோஸ். அன்றைக்கு அவர்கள் மறிக்காவிட்டால் அரசோடு போட்ட ஆகஸ்ட் 31 ஒப்பந்தம் ஏது, ஒரு கோடிப் பேர் சேர்ந்த சாலிடாரிட்டி சங்கம் ஏது?

அந்த ஸ்டிரைக்கின் 21 கோரிக்கைகளை ஒட்டுப்பலகையில் கையால் எழுதி கேட்டில் மாட்டியிருந்தார்கள். யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த பலகைகள். முதல் கோரிக்கை சுதந்திரத் தொழிற்சங்கம். இன்னொன்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. இறைச்சிக்கு ரேஷன் கார்டு கொடு என்று கேட்டிருக்கிறார்கள்! மண்ணெண்ணெய்க்கு வரிசையில் செருப்பைப் போட்டு இடம் பிடித்த ஊரிலிருந்து வந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இருக்கிறதைப் பாகுபாடில்லாமல் பங்கு போடு என்பதுதானே அது. 1981-இல் அந்த அட்டையும் வந்தது. அதே வருஷம் டிசம்பர் 13-இல் ராணுவச் சட்டமும் வந்தது. மூன்று நாளில் வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஓட்டுப் போட்டு கம்யூனிஸ்ட் ஆட்சியை மாற்ற 1989 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மொதல்ல எந்திரிச்சது ஆரு கண்ணு?" என்றார். நோட்டீஸோடு வந்த மூன்று சின்னப் பசங்கம்மா என்றேன். அப்புறம் அந்தப் பலகையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். பதினேழாவதில், வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் இடம் வேண்டும் என்ற வரியில், "இரு, இரு" என்று நிறுத்திவிட்டார்.

"எங்க மில்லுலயும் பிள்ளைங்கள உடற ரூம்புன்னு போர்டு இருந்துச்சு. உள்ளார பஞ்சு மூட்டைதான் அடுக்கியிருந்தானுங்க. நாங்க நாலு பேரு போயி மேனேஜரைக் கேட்டோம், தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. அம்மா சொல்ல ஆரம்பித்தார்.