பிறந்த குழந்தைக்குத் துணியும் சாயமும் தேர்ந்த அனுபவம்

தங்கையின் பேறுகாலம் நெருங்குவதால், பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களுக்குத் தேவையான ஜப்லா, நாப்கின் துணி, சுற்றும் துணி, தொப்பி ஆகிய அனைத்தையும் வீட்டிலேயே தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெரும்பகுதி வேலை இப்போது முடிந்திருக்கிறது. தையல் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் என்பதால் அதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கடையில் மடித்து வைத்திருக்கும் ஒரு துணிக்குள் என்னவெல்லாம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், நிறம் வேண்டுமென்றால் அதை எப்படிக் கொண்டுவருவது என்பதும்தான் எனக்குப் புது வேலையாக இருந்தன.

பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது. அதன் மேற்பரப்புக்கு இயல்பான அமிலத்தன்மை பிறந்த பிறகு சில வாரங்களில்தான் படிப்படியாக வருகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் பெரியவர்களைவிடக் குழந்தைக்கு அதிகம். துணியை வாயில் வைத்துச் சப்பும் வழக்கமும் சேர்ந்துகொள்வதால், துணியிலிருந்து கசிவது எதுவாயினும் உமிழ்நீர் வழியே உள்ளேயும் போகிறது. இதனால்தான் ஏற்றுமதிக்குத் தைப்பவர்கள் மதிக்கும் ஓகோ-டெக்ஸ் 100 தரச்சான்றில் 3 வயது வரையிலான குழந்தைகளின் துணியைத் தனி வகுப்பாக வைத்து, அதற்கு மிகக் கடுமையான வரம்புகளை விதித்திருக்கிறார்கள். துணியின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.0 முதல் 7.5-க்குள் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சுருக்கம் விழாமலிருக்க ஏற்றும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிவரக்கூடும் என்பதால், தோலில் நேரடியாகப் படும் பெரியவர் துணிக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரை அதை அனுமதிக்கும் இந்தச் சான்று, குழந்தைத் துணியில் சோதனைக்கே அது தென்படக் கூடாது என்கிறது. ஜப்பானிலும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 24 மாதங்களுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணிக்கு இதே நிலைதான். இதைப் படித்ததும் ‘சுருங்காது, இஸ்திரி வேண்டாம்’ என்ற விளம்பரத்தோடு வரும் துணி எதையும் இந்த வேலைக்குத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஈரோட்டில் வசிப்பதால் துணிக்குப் பஞ்சமில்லை. சுற்றும் துணிக்கும் நாப்கினுக்கும் கனி மார்க்கெட்டில் 80-ஆம் நம்பர் என்னும் மெல்லிய நூலில் நெய்த மல் துணியைக் காடாவாகவே, அதாவது வெளுக்காமலும் சாயமேற்றாமலும் தறியிலிருந்து இறங்கியபடியே வாங்கினேன். ஜப்லாவுக்குத் திருப்பூரிலிருந்து 40-ஆம் நம்பர் கோம்டு நூலில் பின்னிய பனியன் துணி, 140 ஜிஎஸ்எம் அளவில், அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையில் வரவழைத்தேன். கோம்டு நூலில் குட்டை இழைகள் சீவி நீக்கப்பட்டிருப்பதால் மேற்பரப்பில் பிசிறு குறைவு. அந்தப் பிசிறுதான் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் உரசிச் சிவக்க வைக்கிறது. மூங்கில் துணி என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழை இரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான். அது மென்மையாக இருந்தாலும், நனைந்தால் வலுக் குறையும் இயல்புள்ளது என்பதால், நாளெல்லாம் துவைபடும் நாப்கினுக்கு நான் எடுக்கவில்லை. பாலியெஸ்டர் கலப்பை முற்றிலும் தவிர்த்தேன். வியர்வையை உறிஞ்சாது என்பது ஒரு காரணம். அதில் ஏற்றப்படும் டிஸ்பர்ஸ் சாயங்களுள் சில, குறிப்பாக அடர்நீல வகைகள், தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வாங்கிய ஒவ்வொரு துணியிலும் ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி எரித்துப் பார்த்தேன். பருத்தி, காகிதம் எரிவதைப் போல் எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாகும் சாம்பலைத் தந்தது; கலப்பு இருந்தால் நுனியில் கடினமான மணி உருண்டு நிற்கும். கள்ளநோட்டைக் கண்டறியப் பயன்படும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் துணிமேல் அடித்துப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. வெண்மையூட்டி ஏற்றிய துணி பளிச்சென்று நீலமாக ஒளிர்கிறது. காடா மல் ஒளிரவில்லை. அம்மா எடுத்து வைத்திருந்த பழைய வேட்டிகள் நன்றாகவே ஒளிர்ந்தன. சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டி ஆண்டுக்கணக்கில் அவற்றில் படிந்திருக்கிறது.

அந்த வேட்டிகளை ஒதுக்கிவிடலாமா என்று கேட்டபோது அம்மா, “புதுத்துணி எதுக்கு கண்ணு? நாலு வருசம் வெளுத்த வேட்டியத்தான் பச்சப்புள்ளைக்கு மொதல்ல போடோணும்” என்றார். அந்த வழக்கத்தில் பொருள் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. பலமுறை துவைத்த துணியில் கஞ்சி இல்லை, நெசவு எண்ணெய் இல்லை, மிகுதிச் சாயம் இல்லை. நூலும் தளர்ந்து மெத்தென்றாகிவிடுகிறது. ஆகவே வேட்டிகளை வாசனையில்லாத மென்சோப்பில் துவைத்து, வெந்நீரில் பலமுறை அலசி நாப்கினுக்கு வைத்துக்கொண்டேன். புதுத் துணியையும் அதே நிலைக்குக் கொண்டுவருவதுதான் அடுத்த வேலையாக இருந்தது.

காடாவில் பருத்தியின் இயற்கை மெழுகும் தறிக்காகப் போட்ட கஞ்சியும் அப்படியே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துணியில் இறங்காமல் முத்தாக நிற்பதைக் காணலாம். இரவு முழுவதும் ஊறவைத்துக் கஞ்சியைக் கழுவிய பிறகு, லிட்டருக்கு 4 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். தண்ணீர் கடுந்தேநீரைப் போல் பழுப்பாகியது. அலசி உலர்த்திய பின் சொட்டு விட்டால் விழுந்த கணமே பரவியது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. ஈரத்துணியில் பிஎச் தாளை அழுத்தினால், பலமுறை அலசிய பிறகும் 9-ஐ ஒட்டிக் காட்டியது. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து முக்கி எடுத்து, மீண்டும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே 7-க்கு வந்தது. கையில் பிடித்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், இந்தத் தாளில்லாமல் வேறுபாட்டை அறிய வழியில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை என் முடிவு இதுதான்: தோலை ஒட்டும் அடுக்குக்குச் சாயமே வேண்டாம், வெளியே தெரியும் தொப்பி விளிம்பு, ஜப்லாவின் வெளிப்பட்டி, சுற்றும் துணியின் ஓரம் ஆகியவற்றுக்கு மட்டும் வெளிர்நிறம் போதும். சாயம் செயற்கையா இயற்கையா என்ற கேள்வியைவிட, அது இழையில் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது, பிடிக்காத மிச்சம் எவ்வளவு கழுவி நீக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விதான் குழந்தைக்கு முக்கியமானது. பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதால், முறையாகச் சோப்பிட்டுக் கொதிநீரில் அலசிய துணியில் மிக நன்றாக நிற்கிறது. ஆனால் அதன் தூளைச் சுவாசித்தால் மூச்சு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க நான் விரும்பவில்லை. புற்றுநோயைத் தூண்டக்கூடிய அமீன்களாகச் சிதையும் அசோ சாயங்களை 1997-இலேயே இந்தியா தடை செய்துவிட்டது. இருந்தும் எந்தச் சாயம் என்று சொல்ல ஆளில்லாத மலிவுத் துணியின் அடர்நிறங்களை நம்பி வாங்க எனக்கு மனமில்லை.

ஆகவே நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், படிகாரம், சிவப்புச் சாயம் தரும் மஞ்சட்டி வேர் ஆகியவற்றை வாங்கினேன். மாதுளைத் தோல் வீட்டிலேயே சேர்ந்தது. பருத்தி படிகாரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்பொருளை முதலில் ஏற்றினால்தான் படிகாரம் தங்கும், படிகாரம் தங்கினால்தான் சாயம் தங்கும். 200 கிராம் துணிக்கு 40 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிய நீரில் துணியை ஓரிரவு போட்டு, உலர்த்தி, பிறகு 30 கிராம் படிகாரக் கரைசலில் மற்றோர் இரவு வைத்தேன். மயில்துத்தமும் டைகுரோமேட்டும் நிறத்தை நன்றாகவே நிறுத்தும் என்றாலும், செம்பையும் குரோமியத்தையும் குழந்தைத் துணியில் ஏற்றுவதற்கு இடமே இல்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களையும் அருகிலிருந்து கண்ட எங்களுக்கு, அவற்றைச் சாக்கடையில் ஊற்றவும் கை வராது.

மஞ்சட்டி, மெல்லிய சூட்டில் மெதுவாக ஏற்றியபோது செங்கல் கலந்த இளஞ்சிவப்பைத் தந்தது. மாதுளைத் தோல் கடுக்காயின் வெளிர்மஞ்சளோடு சேர்ந்து சந்தன நிறமாக அமைந்தது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். மஞ்சள்கிழங்கை ஒரு துண்டில் மட்டும் ஏற்றிப் பார்த்தேன். சோப்பு பட்டதும் சிவந்து, வெயிலில் காய்ந்ததும் வெளுத்தது. மங்கலத்துக்கு அது ஏற்றது, அன்றாடம் துவைக்கும் துணிக்கு ஏற்றதல்ல. அவுரி நீலம் இழைமேல் படிந்து நிற்பது, உரசினால் வரும் என்பதால் அதை எடுக்கவில்லை.

சாயமேற்றிய ஒவ்வொரு துண்டையும், அலசல் நீர் தெளியும்வரை அலசிய பிறகே சோதித்தேன். ஆய்வகத்தில் வியர்வைச் சோதனைக்குத் துணியைக் கரைசலில் நனைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து அழுத்தி, 37 டிகிரியில் 4 மணி நேரம் வைப்பார்கள். அதை ஒட்டி, உப்புநீரில் நனைத்த சாயத்துண்டை வெள்ளை மல்லோடு ஒட்டி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்துப் பளு ஏற்றி, வெயில் படும் மாடியில் வைத்தேன். மாதுளைத் துண்டின் அருகிலிருந்த மல் வெண்மையாகவே வந்தது. மஞ்சட்டித் துண்டு மெல்லிய ரோஜாச் சாயையை விட்டது. அதை மறுபடி வெந்நீரில் சோப்பிட்டு அலசிச் சோதித்ததில் கறை இல்லை என்றாலும், குழந்தை வாய் வைக்கக்கூடிய கழுத்துப்பட்டிக்கும் கையுறைக்கும் அதைப் பயன்படுத்தாமல், சுற்றும் துணியின் கால்பக்க ஓரத்துக்கு மட்டும் வைத்தேன்.

மருதாணிச் சாயத்தைப் பலர் பரிந்துரைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு மருதாணி தோல்வழியே சென்று அவற்றைச் சிதைத்திருப்பது மருத்துவ இலக்கியத்தில் பதிவானது. பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். இதே ஆபத்து அந்துருண்டைக்கும் உண்டு என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பீரோவில் அந்துருண்டையோடு பல மாதம் கிடந்த துணியையும் கம்பளியையும் எடுத்து அப்படியே குழந்தைக்குப் போர்த்துவது நம் வீடுகளில் சாதாரணம். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலின் இத்தகைய குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள்காமாலை வரக் காரணமாகியிருக்கிறது. தைத்து முடித்தவற்றை வெறும் பருத்திப் பைகளில் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு நடுவே எதையும் போடவில்லை.

தையலில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஜப்லாவில் தையல் மடிப்புகள் அனைத்தும் வெளிப்பக்கம் இருக்கும்படி பருத்தி நூலால் தைத்தேன். ஜப்பானியர் பிறந்த குழந்தையின் உள்ளாடையை இப்படித்தான் தைக்கிறார்கள். கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம் என்று விலாவில் குட்டை முடிச்சு வைத்தேன். கையுறைகளை உள்வெளியாகத் திருப்பி, விளக்கடியில் ஒவ்வொரு தையலையும் பார்த்துத் தொங்கும் நூலை வெட்டினேன். ஒரு தளர்ந்த நூல் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும்.

இனி மார்கழிக் குளிருக்காக இன்டர்லாக் என்னும் தடித்த பின்னல் துணியில் முழுக்கைச் சட்டைகள் தைக்க வேண்டும். அவற்றுக்கும் சந்தன நிறப் பட்டிதான். மாதுளைத் தோல் உலர்ந்துகொண்டிருக்கிறது.