பழைய டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டா? முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையின் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான பலம் வாட்டில் தெரியும். மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் தருவது 75 வாட். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. இந்தக் கேபிள்களே இல்லையா? 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு நல்ல தேர்வு. அதன் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி கேபிள் தேவையில்லை. ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பை 6 பின்னாக மாற்றும் அடாப்டரைத் தொடவே வேண்டாம். சாட்டா இணைப்பு 54 வாட்தான் தாங்கும், மீறினால் பிளாஸ்டிக் உருகும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற இன்னொரு கார்டு, பிசிஐஇ ஸ்லாட்டின் 4 லேன்களில்தான் (தரவுப் பாதைகளில்தான்) ஓடும். பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். அதனால், கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கித் திணறும். கார்டின் நீளத்தையும் அளந்துவிடுங்கள், ஹார்டு டிஸ்க் கூண்டு இடிக்கலாம்.