கஞ்சி தண்ணியாகவே இருக்கட்டும்

2009இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்து, மே 12 தொடங்கி 18 வரை வன்னியில் சந்திக்குச் சந்தி அடுப்பு மூட்டி முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். புலம்பெயர்ந்த மண்ணில் பழைய மாணவர்களும் காய்ச்சுகிறோம். சில இடங்களில் அதற்குள் தேங்காய்ப்பாலும் பயறும் சேரத் தொடங்கியிருப்பதால்தான் எங்கள் பழைய மாணவர் மலருக்கு இந்தக் குறிப்பு.

2009 ஏப்ரல் கடைசியில், சனம் சிக்கிக்கொண்ட முல்லைத்தீவுக் கடற்கரைத் துண்டில் 10,000 பேர்தான் மிச்சம் என்றது அரசின் கணக்கு. ஐ.நா. கணக்கில் 127,000க்கும் மேல். உணவு வந்தது சிறிய கணக்குக்கு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, வலைஞர்மடத்திலும் இரட்டைவாய்க்காலிலும் முள்ளிவாய்க்காலிலும், ஒரு பிடி அரிசியைப் பல வயிறுகளுக்கு நீட்ட இருந்த ஒரே வழி தண்ணீர். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பால் விட்டால் அது வேறு கஞ்சி.

செத்தவர்களை நினைத்துக் கஞ்சி வார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. சித்திராப் பௌர்ணமியில் தாயை இழந்தவர்கள் விரதமிருக்க, கோயிலில் சித்திரைக் கஞ்சி ஊற்றுவார்கள். அதையொட்டி வரும் இந்தக் கஞ்சி சனத்தின் கையோடு இவ்வளவு விரைவாக ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

நூறு பேருக்கு 2 கிலோ சிவப்புப் பச்சையரிசி போதும். பாஸ்மதி வேண்டாம், லேசில் கரையாமல் சோறு வேறு, தண்ணீர் வேறாக நிற்கும். புழுங்கலும் லேசில் கரையாது. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கையால் நொறுக்குங்கள். கிடாரத்தில் 20 லீற்றர் தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, முதல் பத்து நிமிடம் அகப்பையை அடியில் உரசித் துழாவ வேண்டும், அடிப்பிடிப்பது அப்போதுதான். பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேல்கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் முழுக் கிடாரமும் கருகல் மணக்கும். முக்கால் மணி நேரத்தில் அரிசி மலர்ந்து கரையும். உப்பு 130 கிராம், இறக்கும்போது மட்டும்; முதலே போட்டால் வற்ற வற்றக் கரிக்கும். ஆற ஆறக் கஞ்சி இறுகும். பக்கத்தில் 5 லீற்றர் கொதிநீர் வைத்திருந்து இளக்குங்கள்.

கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் சிரட்டைக்கு அதைவிடக் கவனம் தேவை. தேங்காயின் இரு பாதியில் கண் இருக்கும் பாதி ஒழுகும், மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது. கண்ணில்லாத பாதியை எடுத்து, வெளித்தும்பைக் கண்ணாடித்துண்டால் சுரண்டி, விளிம்பை உரசி, கொதிநீரில் அவித்துக் காயவிடுங்கள். தேங்காயை உடைக்கும்போது கத்தி முதுகால் நடுவைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனால்தான் சரிபாதியாகப் பிளக்கும். ஓங்கி அடித்தால் மயிரிழை வெடிப்பு விழும், கஞ்சி ஊற்றிய பிறகே தெரியும். சிரட்டை சூட்டைக் கைக்குக் காட்டாது. பிள்ளைகள் வாயைச் சுட்டுக்கொள்வார்கள். முக்கால்வாசி ஊற்றி, ஆறவிட்டுக் கொடுங்கள்.

2021 ஜனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். 2024 மேயில் திருகோணமலைச் சம்பூரில் கஞ்சி ஊற்றிய பெண்களைக் கைது செய்தார்கள். அங்கே அந்த விலை கொடுத்துக் காய்ச்சுவதை இங்கே விருந்துச் சாப்பாடாக மாற்றக்கூடாது.

"ஏன் அம்மா ருசியில்லை?" என்று பிள்ளை கேட்கும். அரசின் கணக்கு, ஐ.நா. கணக்கு, இரண்டையும் அப்போது சொல்லுங்கள். மிஞ்சிய கஞ்சியை அன்றே முடித்துவிட்டு, சிரட்டைகளை ஈரம் போக நன்றாகக் காயவைத்துக் கடதாசியில் சுற்றி வையுங்கள். பொலித்தீனில் கட்டினால் அடுத்த மேக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.